பரணை ஒழிப்பது பணி ஓய்வுக்கு முன்பா, பின்பா?

வாசகர் கேள்வி – 12-08-2025

வரும் மே 31 அன்று அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெறுகிறேன். திருச்சியில் சொந்த வீடு. இரண்டு பரண்களும் நிரம்பி, மாடி அறையும் சாமான் அறையாகிவிட்டது. இப்போதே ஒழித்துவிட வேண்டும் என்கிறார் மனைவி. ஓய்வுக்குப் பிறகு நாள் முழுதும் நேரம்தானே, அப்போது நிதானமாகப் பார்க்கலாம் என்பது என் கட்சி. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

13-08-2025, காலை

உங்கள் மனைவியின் கட்சியில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் வருவாய்த்துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப்பின் நேரம் கிடைக்கும் என்பது உண்மைதான். அந்த நேரமே இந்த வேலையைக் கெடுத்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டுமே விடுமுறை உள்ளவர் ஒரு பெட்டியைத் திறந்தால் மாலைக்குள் அதை மூடியாக வேண்டும் என்பதால் மளமளவென்று முடிவெடுக்கிறார். நாள் முழுதும் நேரம் உள்ளவரோ 1987-ஆம் ஆண்டின் மளிகைக் கணக்கைப் படிக்க உட்கார்ந்துவிடுகிறார். என் மூத்த அண்ணன் அப்படித்தான் ஒரு டிரங்குப் பெட்டியோடு ஒரு மழைக்காலம் முழுவதையும் கழித்தார். கடைசியில் எல்லாத் தாள்களும் பிளாஸ்டிக் உறைகளுக்குள் அடுக்கப்பட்டு அதே பெட்டிக்குத் திரும்பின. பெட்டியின் எடை கூடியதுதான் மிச்சம்.

இன்னொரு காரணம் ஏணி. பரணில் ஏறி இறங்க முழங்கால் ஒத்துழைக்க வேண்டும். அறுபதில் முடிகிறது, அறுபத்தைந்தில் ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. கூப்பிட்ட ஆள் கீழே நின்று "இதை என்னம்மா செய்வது?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்கும்போது, அவருடைய அவசரத்துக்காகவே "வை, வை" என்று சொல்லிவிடுகிறோம்.

13-08-2025, இரவு

மே 31 என்றதும் சிரித்துவிட்டேன். பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் கைக்கு வந்த தேதியைப் பிறந்த நாளாக எழுதியதால் நம் தலைமுறையில் பாதிப் பேர் மே, ஜூன் மாதக் குழந்தைகள். ஜூன் 1-இல் பிறந்ததாகப் பதிவாகியிருந்தாலும் மே 31-லேயே அனுப்பிவிடுவார்கள், ஏனென்றால் மாதத்தின் முதல் நாளில் பிறந்தவர் முந்தைய மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெற வேண்டும் என்பது விதி. நீங்கள் எந்த வகை என்பது உங்கள் பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்துக்கே வெளிச்சம்.

20-08-2025

எங்கிருந்து தொடங்குவது என்று மூவர் கேட்டிருக்கிறார்கள். என் பதில், தாள்களிலிருந்து. துணியிலும் பாத்திரத்திலும் தொடங்கினால் இடம் காலியாவது கண்ணுக்குத் தெரிந்து மனம் நிறையும், உண்மைதான். ஆனால் ஒருவர் இல்லாமல் போனால் மற்றவரைத் தவிக்கவிடுவது அண்டாக்கள் அல்ல, எங்கே இருக்கிறது என்று தெரியாத ஒரு பத்திரம்தான்.

அரசு அலுவலகத்தில் ஒரு கோப்பை முடிக்கும்போதே அது எத்தனை காலம் உயிரோடு இருக்க வேண்டும் என்பதையும் எழுதிவிடுவோம். ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம் என்று நான்கு பிரிவுகள். காலம் முடிந்ததும் பதிவறையில் அதை எடுத்து அழிப்பவர் மீண்டும் படித்துப் பார்த்து மனம் கலங்குவதில்லை, முடிவு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. இந்த ஒழுங்கை அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் நிரந்தரப் பிரிவில் போட்டுக்கொண்டிருந்தோம் என்பது எனக்கு ஓய்வுக்கு இரண்டு ஆண்டுகள் இருக்கும்போதுதான் உறைத்தது. பிறகு நான்கு அட்டைப் பெட்டிகளை வாங்கிக் கூடத்தில் வரிசையாக வைத்தேன்.

ஓராண்டுப் பெட்டியில் எரிவாயு ரசீது, கைப்பேசிக் கட்டணம், மளிகைப் பட்டியல். மூன்றாண்டில் உத்தரவாத அட்டைகள், மருத்துவமனைச் சீட்டுகளில் நடப்பு நோய்க்கு வேண்டாதவை. பத்தாண்டில் வருமான வரிக் கணக்கும் அதற்கு ஆதாரமான தாள்களும். சட்டம் கேட்பது இதைவிடக் குறைவான காலத்தைத்தான், ஆனால் நான் பதிவறைக்காரி. நிரந்தரத்தில் தாய்ப்பத்திரம், கிரயப்பத்திரம், பட்டா, வீட்டுவரி ரசீதுகளில் பழையதும் புதியதும், பிறப்பு இறப்புச் சான்றுகள், வாரிசுச் சான்று, பணி நியமன ஆணை, ஓய்வூதியக் கொடுப்பாணை. நிரந்தரப் பெட்டி நான்கிலும் சிறியதாக இருந்தது என்பதுதான் எனக்கு வியப்பு.

21-08-2025

நேற்று விட்டுப்போன ஒன்று: மொய் நோட்டு. அதுவும் நிரந்தரம். நமக்கு ஐநூறு எழுதியவர் வீட்டுக் கல்யாணத்தில் நாம் முந்நூறு எழுதினால் மாநிலக் கணக்காயர் கூடத் தணிக்கையில் விட்டுவிடுவார், அந்த வீட்டு அத்தை விடமாட்டார். எல்லாக் கடனும் திரும்பிய பிறகே அந்த நோட்டை மூட முடியும், அது இந்தப் பிறவியில் நடக்குமா என்பது வேறு விஷயம்.

07-09-2025

கேள்வி கேட்டவர் ஒரே வாரத்தில் உற்சாகமாகி, 1995 முதலான சம்பளச் சீட்டுகளையும் வைப்புநிதிக் கணக்குத் தாள்களையும் எடைக்குப் போடப்போவதாக எழுதியிருக்கிறார். தயவுசெய்து நிறுத்துங்கள். 2003 ஏப்ரலுக்கு முன் பணியில் சேர்ந்தவர் என்பதால் உங்களுக்குப் பொது வருங்கால வைப்புநிதி உண்டு. இடமாறுதல் ஆன காலங்களில் பிடித்தம் செய்த சந்தா கணக்கில் ஏறாமல் விடுபட்டுப்போவது அந்த நிதியில் பலருக்கும் நேர்வது. இறுதித் தொகை கைக்கு வரும்போது அந்த மாதப் பிடித்தத்துக்குச் சான்று கேட்டால் நீட்டுவதற்கு இருப்பது அந்தச் சம்பளச் சீட்டு ஒன்றுதான். பணிக்கொடை, வைப்புநிதி, விடுப்புச் சம்பளம் மூன்றும் வந்து சேரும்வரை அலுவலகம் தொடர்பான எந்தத் தாளையும் தொடாதீர்கள். வந்து சேர்ந்த பிறகு அவை தாமாகவே ஓராண்டுப் பெட்டிக்குப் போய்விடும்.

ஆகவே, முதலில் சொன்னதைக் கொஞ்சம் மாற்றிச் சொல்ல வேண்டும். வீட்டை ஓய்வுக்கு முன் குறையுங்கள். அலுவலகத் தாளை மட்டும் ஓய்வுக்குப் பின் குறையுங்கள். முன்பே செய்யவேண்டிய அலுவலக வேலை ஒன்றுதான் உண்டு. பணிப்பதிவேட்டை வாங்கி, பணிச்சரிபார்ப்புப் பதிவுகள் எல்லா ஆண்டுகளுக்கும் இருக்கின்றனவா, மனைவியின் பெயர் ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் உள்ள எழுத்துகளோடு ஒத்துப்போகிறதா என்று இப்போதே பாருங்கள். ஓய்வூதியக் கருத்துரு அனுப்பிய பிறகு ஓர் எழுத்தைத் திருத்தக் கடிதப் போக்குவரத்து நீண்டுகொண்டே போகும்.

05-10-2025

கொலு முடிந்து பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு தோழியின் கேள்வி வந்தது: கொலு பொம்மைகளையும் குறைக்கலாமா, பாவமில்லையா? ஆண்டுக்கு ஒரு பொம்மையாவது புதிதாக வாங்க வேண்டும் என்பது வழக்கம். ஒன்றையாவது எடுக்க வேண்டும் என்று எந்தப் பாட்டியும் சொல்லவில்லை. ஆகவே ஒன்பது படியும் நிரம்பி, பண்ருட்டிக் காய்கறிச் செட்டியார் தம்பதிகள் இரண்டு ஜோடி, தசாவதாரம் இரண்டு செட்டு என்று வீடு நிறைந்துவிடுகிறது.

நான் செய்தது இதுதான். எங்கள் தெருவில் புதிதாகக் கல்யாணமான பெண் முதல் கொலு வைக்க ஆசைப்பட்டாள். மரப்பாச்சி ஜோடியையும் என் மாமியார் விளாச்சேரியிலிருந்து வாங்கிவந்த மண் பொம்மைகளையும் வைத்துக்கொண்டு, ஒரு தசாவதாரத்தையும் ஐந்து படிக்கான மரச்சட்டத்தையும் அவளிடம் கொடுத்தேன். குப்பையில் போடுவதற்குத்தான் பாவம் என்ற பேச்சு. ஒரு வீட்டில் கொலு தொடங்குவதற்குக் கொடுப்பது எந்தக் கணக்கில் பாவமாகும்? மூக்கு உடைந்த பொம்மைகளைக் கொடுக்காதீர்கள். அது தானம் இல்லை, இடமாற்றம்.

12-10-2025

பாத்திரத்துக்கு வருகிறேன். தீபாவளிக்குப் பாத்திரம் தேய்ப்பதால் எல்லோருக்கும் இதே நினைப்பு போலிருக்கிறது.

எடைக்குப் போடுவதற்கு முன் ஒவ்வொரு பாத்திரத்தையும் கவிழ்த்தும் விளிம்பைத் திருப்பியும் பெயரைப் பாருங்கள். எங்கள் பரணிலிருந்து இறக்கிய பித்தளைத் தவலை ஒன்றின் கழுத்தில், உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டிய எழுத்தில், மாமியாரின் அத்தை பெயரும் "5-6-61" என்ற தேதியும் இருந்தன. களிம்பு ஏறியிருந்ததால் புளி வைத்துத் தேய்த்த பிறகே தேதி தெரிந்தது. "ஞ" என்ற எழுத்து வராமல் வெட்டியவர் மூன்று முறை தட்டிப் பார்த்திருக்கிறார், அந்த இடம் மட்டும் பள்ளமாக இருக்கிறது. அந்த அத்தையின் பேத்தி லால்குடியில் இருக்கிறாள். அவளுக்குத் தொலைபேசியில் சொன்னேன், அடுத்த வாரமே வண்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். நாங்கள் பரணில் வைத்துச் சுமையென்று நினைத்தது அவள் வீட்டுக் கூடத்தில் குடை வைக்கும் இடமாகிவிட்டது.

சீராகவும் மொய்யாகவும் வந்த பாத்திரங்களைக் கொடுத்தவர் குடும்பத்துக்கே திருப்பிக் கொடுப்பது எடைக்காரரைவிட நல்ல வழி. விலை கிடைக்காது, ஆனால் "எங்க பாட்டி கொடுத்ததை வித்துட்டாங்க" என்ற பேச்சும் கிடைக்காது. பெயரில்லாதவற்றைப் பாத்திரக்கடையில் எடைக்குக் கொடுத்தேன். பழைய பித்தளைக்குக் கழிவு பிடித்துத்தான் விலை போடுவார்கள் என்பதால் இரண்டு கடைகளில் கேளுங்கள். வெண்கல உருளியைக் கொடுக்காதீர்கள், அரவணைப் பாயசத்துக்கு அதற்கு ஈடு இல்லை. ஈயம் பூசவேண்டிய பித்தளைப் பாத்திரத்தில் சமைக்கும் எண்ணம் இருந்தால் முதலில் உங்கள் ஊரில் ஈயம் பூசுபவர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். ஆள் இல்லையென்றால் அந்தப் பாத்திரம் அலங்காரம்தான்.

ஈயச்சொம்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது வெள்ளீயம், 232 பாகை செல்சியஸில் உருகிவிடும். ரசம் இல்லாமல் வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் அந்தச் சாமான் தானாகவே குறைந்துவிடும்.

12-10-2025, சற்றுப் பின்

பட்டுப்புடவை பற்றிக் கேட்டவருக்கு: தெருவில் பழைய பட்டு வாங்குவதாகக் கூவுபவர்கள் எடுப்பது ஜரிகையைத்தான். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளி இழையைச் சுற்றித் தங்கமுலாம் பூசியது. அதில் வெள்ளி எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். பேரம் பேசுவதில் அதைவிடப் பெரிய பலவீனம் கிடையாது. நம்பகமான ஜரிகைக் கடையில் சோதித்துப் பார்த்த பிறகு விற்கலாம். பேத்திக்குப் பாவாடை தைப்பதாக இருந்தால் இந்த ஆண்டே தையுங்கள். "என்றைக்காவது" என்று வைத்த பட்டு மடிப்பிலேயே இற்றுப்போய்விடும்.

09-11-2025

வங்கிக் காரியங்களை இந்தக் கேள்வி-பதில் இழையில் யாரும் தொடவில்லை. நமக்குப் பின் பணத்தைப் பெறுபவரை (நாமினி) நியமிப்பதற்கான புதிய விதிகள் கடந்த 1-ஆம் தேதி முதல் நடைமுறைக்கு வந்திருப்பதால் எழுதுகிறேன். வைப்புக் கணக்குகளுக்கு இனி நான்கு பேர் வரை நியமிக்கலாம். ஒருவர் இல்லையென்றால் அடுத்தவர் என்று வரிசையாகவும் வைக்கலாம், ஆளுக்கு இத்தனை சதவீதம் என்று பிரித்தும் கொடுக்கலாம். லாக்கருக்கு வரிசை முறை மட்டும்தான்.

ஆனால் அதற்கு முன்னால் கணக்குகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஒவ்வோர் ஊருக்கு மாறுதல் ஆனபோதும் திறந்த கணக்கு, வீட்டுக்கடனுக்காகத் திறந்தது, தெரிந்தவர் மேலாளராக வந்ததால் திறந்தது என்று எங்களிடம் ஒரு கட்டுப் பாஸ்புத்தகங்கள் இருந்தன. இரண்டு ஆண்டுகள் வரவு செலவு இல்லாத கணக்கு இயங்காத கணக்காகிவிடும். பத்து ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் நிதிக்குப் போய்விடும். அப்போதும் உரிமை போகாது, திரும்பக் கேட்டு வாங்கலாம், அலைச்சல்தான் அதிகம். காலமான பெற்றோர் பெயரில் ஏதாவது கிடக்கிறதா என்று பார்க்க, ரிசர்வ் வங்கி 2023-இல் தொடங்கிய உத்கம் இணையதளத்தில் பெயரைக் கொடுத்துத் தேடலாம். ஒரு மதிய நேரம் போதும்.

நாங்கள் ஓய்வூதியத்துக்கு ஒன்று, வைப்புக்கு ஒன்று என்று இரண்டே கணக்குகளை வைத்துக்கொண்டு, இரண்டையும் கூட்டுக் கணக்காக்கினோம்.

10-11-2025

நாமினி போட்டுவிட்டால் பணம் அவருக்கே சொந்தம் என்று சேலம் நண்பர் எழுதியிருப்பது பொதுவாகச் சரியல்ல. நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்று வாரிசுகளுக்கு உரியதை வாரிசுகளிடம் சேர்க்கவேண்டியவர். உச்ச நீதிமன்றம் காப்பீட்டு விஷயத்தில் 1983-லேயே இதைச் சொன்னது, பங்குகள் விஷயத்தில் 2023-இலும் அதையே சொன்னது. காப்பீட்டில் மட்டும் 2015-இல் சட்டம் மாறியது. தம் பெயரில் பாலிசி எடுத்தவர் பெற்றோரையோ துணைவரையோ பிள்ளைகளையோ நியமித்தால் தொகை அவர்களுக்கே உரிமையாகும். ஆக, நாமினி போட்டதோடு உயிலை மறந்துவிட முடியாது. எளிய உயில் எழுதச் சாதாரண வெள்ளைத் தாள் போதும், இரண்டு சாட்சிகள் வேண்டும். பதிவு கட்டாயமில்லை என்றாலும் நான் பதிவு செய்தேன். பெற்ற பிள்ளைகளுக்குள் சண்டை வராது என்பதை எந்தப் பதிவறையிலும் நான் பார்த்ததில்லை.

23-11-2025

கோவையில் முதியோர் குடியிருப்புக்கு மாறிய அன்பர், பீரோ மின்தூக்கிக்குள் நுழையவில்லை என்று எழுதியதைப் படித்தேன். கல்யாணத்துக்கு வாங்கிய இரும்பு பீரோ, கண்ணாடி வைத்தது, உள்ளே ரகசிய அறை கொண்டது; அதை நான்கு மாடி படியில் தூக்கக் கூலி கொடுத்திருக்கிறார். போகும் இடத்தின் அலமாரி, கதவு, மின்தூக்கி ஆகியவற்றை அளந்து எழுதிக்கொண்ட பிறகு சாமானை எடுங்கள் என்கிறார். இந்த இழையில் இதுவரை வந்ததில் இதுவே சிறந்த யோசனை.

அவர் கேட்ட மற்றொன்றுதான் கடினமானது: பிள்ளைகளின் சாமான்கள். நம் சாமானில் பாதி நம்முடையதே இல்லை. மகன் விட்டுப்போன பொறியியல் புத்தகங்கள், நுழைவுத்தேர்வுக் கட்டுகள், கேரம் போர்டு, மகளின் பரதநாட்டியச் சலங்கை. கேட்காமல் எறிவது தவறு என்றுதான் நினைக்கிறேன், அதற்காகக் கடைசிவரை வாடகையில்லாக் கிடங்கு நடத்தவும் வேண்டாம். நான் ஒவ்வொன்றையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, பொங்கலுக்குள் பதில் வராவிட்டால் நானே முடிவெடுப்பேன் என்று எழுதினேன். டல்லாஸிலிருந்து மகன் அனுப்பிய பதில்: "எல்லாம் இருக்கட்டும்மா." அடுத்து வந்தபோது ஒரு பெட்டியில் எடுத்துப் போகச் சொன்னேன். பயணப் பெட்டியில் இருபத்து மூன்று கிலோதான் என்றவுடன் சலங்கையைத் தங்கைக்காக எடுத்துவைத்துவிட்டு மீதி எல்லாவற்றுக்கும் கையசைத்துவிட்டான்.

கணவரின் சாமானில் கை வைக்காதீர்கள் என்பது தனி விதி. என் வீட்டுக்காரரின் பழைய ரேடியோக்களும் திருகுகள் நிறைந்த ஹார்லிக்ஸ் பாட்டில்களும் அப்படியே இருக்கின்றன. அவருக்கு ஓர் அலமாரி ஒதுக்கியிருக்கிறேன், அதற்குள் அவர் ராஜ்ஜியம்.

11-01-2026

புதன்கிழமை போகி. ஒதுக்கிய தாள்களையெல்லாம் கொளுத்திவிடலாமா என்று இருவர் கேட்கிறார்கள். வேண்டாம். நெகிழி உறையும் பழைய பாயும் ரப்பரும் சேர்ந்து எரிந்தால் தெருவே இருமும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்வதும் இதைத்தான். ஆதார், வங்கி எண், கையெழுத்து உள்ள தாள்களை வாளித் தண்ணீரில் ஓர் இரவு ஊறப்போட்டுக் கூழாக்கினால் போதும், செடிக்கடியில் போட்டுவிடலாம். மற்றவை எடைக்கு. குழல் தொலைக்காட்சியின் கண்ணாடியில் ஈயம் இருப்பதால் அதை உடைத்துக் குப்பைத் தொட்டியில் போடாமல், மின்கழிவு வாங்க அனுமதி பெற்றவரிடம் கொடுங்கள்.

பரணில் வார இதழ்களிலிருந்து கிழித்துப் பைண்டு செய்த தொடர்கதைகள் இருந்தால் எடைக்குப் போடுமுன் நின்று பாருங்கள். முதல் அச்சில் வந்த ஓவியங்களும் அந்தக் காலத்து விளம்பரங்களும் புத்தகப் பதிப்பில் கிடைக்காதவை. சென்னைத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமே, கோட்டையூரில் ஒரு தனிமனிதர் நூல்களோடு இதழ்களையும் அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும் விடாமல் சேர்த்ததில் பிறந்ததுதான். அவரும் பரணை ஒழித்திருந்தால் நமக்கு அந்த நூலகம் ஏது? உங்களிடம் இருப்பதை ஒரு பட்டியலாக எழுதி, வேண்டுமா என்று முதலில் கேளுங்கள், மூட்டையாக அனுப்பாதீர்கள். சாதாரண நாவல்களுக்கும் பொது நூல்களுக்கும் வேறு வழி உண்டு. புத்தகத் திருவிழாக்களில் சிறைத்துறை "கூண்டுக்குள் வானம்" என்று அரங்கு அமைத்துக் கைதிகளுக்காகப் புத்தகங்கள் பெற்றிருக்கிறது.

அம்மியையும் ஆட்டுக்கல்லையும் என்ன செய்வது என்று கேட்பவருக்கு: ஒன்றும் செய்யாதீர்கள். தூக்கினால் இடுப்பு போகும். வீட்டோடு இருக்கட்டும்.

02-02-2026

கேள்வி கேட்டவர் ஒரு பரண் காலியாகிவிட்டதென்றும், மாடி அறையில் இனி கட்டில் போடலாம் என்றும் எழுதியிருக்கிறார். மனைவி தன் கட்சி வென்றதை நாளுக்கு இருமுறை நினைவூட்டுகிறாராம். அதையும் நிரந்தரப் பிரிவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மே மாதத்துக்கு இப்போதே ஓர் எச்சரிக்கை. வழியனுப்பு விழாவில் சங்கத்துக்கு ஒன்று, பிரிவுக்கு ஒன்று, பக்கத்து அலுவலகத்துக்கு ஒன்று என்று பொன்னாடைகள் குவியும். அவற்றைக் கட்டவும் முடியாது, போர்த்தவும் முடியாது, ஜரிகை கழுத்தை அறுக்கும். என்னுடையவற்றில் பெரும்பாலானவை கொலுப்படி விரிப்பாகிவிட்டன. பொன்னாடையாவது மடிந்து ஒரு மூலையில் கிடக்கும்; கேடயமும், நம் படம் அச்சடித்த சுவர்க்கடிகாரமும், ஆளுயரக் குத்துவிளக்கும் நீங்கள் காலி செய்த பரணுக்கே நேராக ஏறிவிடும். பணமாகக் கொடுங்கள் என்று சொல்ல நமக்கு வாய் வராது. ஆனால் பரிசு வாங்க வசூல் செய்பவர் யாரென்று உங்களுக்கு நிச்சயம் தெரியும், அவரைத் தேநீருக்கு அழைத்துச் சென்று, மனைவிக்கும் எனக்கும் இரண்டு நல்ல பயணப்பைகள் போதும் என்று சொல்லிவிடுங்கள். ஏப்ரலில் சொன்னால் தாமதம், அதற்குள் கடிகாரத்துக்கு ஆர்டர் கொடுத்திருப்பார்.